தேயும் விசைகளும் தேயாத விசைகளும்: விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துத் தட்டச்சுப் பழக்கம்

முழு அளவுள்ள கணினி விசைப்பலகையில் 104 விசைகள் உண்டு. தமிழ்99 முறையில் தமிழ் அடிக்க அவற்றில் 31 விசைகள் போதும். எண்கள், இடைவெளி விசை, என்டர், பேக்ஸ்பேஸ், ஷிஃப்ட், சில நிறுத்தக்குறிகள் ஆகியவற்றைச் சேர்த்தாலும் அறுபதைத் தாண்டுவது அரிது. மீதி விசைகள் ஆண்டுக்கணக்கில் விரல் படாமலே கிடக்கின்றன. விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்தைச் சுற்றியும், திண்டிவனத்தில் நீதிமன்றம், சார்பதிவாளர் அலுவலகம் பக்கமும் நடக்கும் டைப்பிங் கடைகளில் பழைய விசைப்பலகை ஒன்றைப் பார்த்தாலே இது விளங்கும். சில விசைகளில் எழுத்து முழுக்க அழிந்து வழவழப்பாகியிருக்கும். வலப்பக்க மேல்வரிசையில் மூன்று விசைகள் மட்டும் பெட்டியைப் பிரித்த நாளில் இருந்தபடியே இருக்கும்.

எந்த விசை தேயும், எது தேயாது என்பதை விசைப்பலகை செய்தவர் முடிவு செய்வதில்லை. தட்டுகிறவர் எங்கே பழகினார், எந்தத் தமிழ் அமைப்பில் அடிக்கிறார், எந்த வேலைக்காக அடிக்கிறார் என்ற மூன்றுமே முடிவு செய்கின்றன. ஆங்கிலம் அடிப்பவருக்கு அரிதான விசை பாமினி எழுத்துருவில் தமிழ் அடிப்பவருக்கு உயிர்நாடி. டிடிபி செய்பவர் திரும்பியே பார்க்காத விசையைக் கணக்கர் நாள் முழுக்கத் தட்டுகிறார். அரிய விசைகள் என்று எங்கும் செல்லுபடியாகும் ஒரே பட்டியல் போடுவது ஆங்கிலத்துக்கே முழுதும் சரிவராது. தமிழுக்கு அது சற்றும் பொருந்தாது.

மூன்று விசைகளின் பூர்விகம்

பிரிண்ட் ஸ்கிரீன், ஸ்க்ரோல் லாக், பாஸ் என்று மேலே வரிசையாக நிற்கும் மூன்றும் இன்றைய கணினிக்காகப் பிறந்தவை அல்ல. 1981இல் ஐபிஎம் வெளியிட்ட தனியாள் கணினியின் விசைப்பலகையில் 83 விசைகள் இருந்தன. அம்புக்குறிகளுக்கு அதில் தனி இடம் இல்லை. எண்பலகையின் மேலேயே அவை குடியிருந்தன. சுட்டெலி இல்லாத காலம் அது. அம்புக்குறியைத் தட்டினால் இடங்காட்டி நகர வேண்டுமா, திரையே நகர வேண்டுமா என்று சொல்ல ஒரு விசை தேவைப்பட்டது. ஸ்க்ரோல் லாக் அதற்காக வந்தது. இன்று அந்த விசையை மதிக்கும் மென்பொருள்களில் முக்கியமானது எக்செல். தெரியாமல் அது அழுந்திவிட்டால் அம்புக்குறியைத் தட்டும்போது கட்டம் நகராது, தாள் முழுவதும் நகரும். விசைப்பலகை கெட்டுவிட்டது என்று எண்ணிக் கடையில் மாற்றியவர்களும் உண்டு.

பாஸ் விசையின் மறுபெயர் பிரேக். தொலைவரியும் தொலைத்தட்டச்சும் இருந்த நாளில் கம்பியின் இணைப்பை ஒரு கணம் துண்டித்து, எதிர்முனையில் அனுப்பிக்கொண்டிருப்பவரை நிறுத்தச் சொல்வது அதன் வேலை. டாஸ் காலத்தில் ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நிறுத்த அது கைகொடுத்தது. பிரிண்ட் ஸ்கிரீன் அப்போது பெயருக்கேற்ற விசையாகவே இருந்தது. தட்டியதும் திரையில் உள்ள எழுத்துகள் நேரே டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறிக்குப் போய்விடும். அதே விசையின் மேல் சிறிய எழுத்தில் இருக்கும் சிஸ்ஆர்க்யூ 1984இல் ஐபிஎம்மின் ஏடி கணினியோடு 84ஆவது விசையாக வந்து சேர்ந்தது. ஒரே கணினியில் பல இயங்குதளங்கள் ஓடும், அவற்றுக்கிடையே தாவ ஒரு விசை வேண்டும் என்று கருதினார்கள். அந்த நிலை சாதாரணப் பயனருக்கு வரவே இல்லை. 1986இல் கணினிகளுக்கு வந்த 101 விசைப் பலகையில் அம்புக்குறிகளுக்குத் தனி இடம் கிடைத்தது, எஃப்11, எஃப்12 சேர்ந்தன. 1990களின் நடுவில் விண்டோஸ் விசை இரண்டும் மெனு விசை ஒன்றும் சேர்ந்து 104 ஆயின. புதியவை சேர்க்கப்பட்டபோதெல்லாம் பழையவற்றை யாரும் எடுக்கவில்லை.

மூன்றில் பிரிண்ட் ஸ்கிரீனுக்கு மட்டும் மறுவாழ்வு கிடைத்தது. இணையவழி விண்ணப்பத்தில் பணம் போயும் ரசீது வராதபோது திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்ள இ-சேவை மையங்களில் அதைத்தான் தட்டுகிறார்கள்.

யளனக

விழுப்புரம் மாவட்டம் 1993 செப்டம்பர் 30இல் தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்து உருவானது. அதுவரை கடலூரில் இருந்த மாவட்டத் தலைமை அலுவலக வேலைகள் விழுப்புரத்துக்கு வந்தன; மனு, ஆணை, பத்திரம், வழக்கு என்று தட்டச்சின் தேவையும் உடன் வந்தது. வேலைக்கு வந்த கைகள் பெரும்பாலும் தட்டச்சுப் பயிற்சி நிலையங்களில் பழகியவை. 'லோயர் முடிச்சாச்சா, ஹையர் முடிச்சாச்சா' என்பது இந்த ஊர்களில் பட்டப்படிப்புக்கு இணையாகக் கேட்கப்படும் கேள்வி. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் ஆண்டுக்கு இருமுறை நடத்தும் அரசுத் தேர்வில் இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45 சொல் வேகம் வேண்டும். ஆங்கிலத்தில் ஐந்து தட்டல் ஒரு சொல்லாகக் கணக்கிடப்படுவதால் 30 சொல் என்பது 150 தட்டல். அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வில் தட்டச்சர் பணிக்குத் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் முதுநிலை முடித்தவருக்கு முன்னுரிமை உண்டு. அதனால்தான் தட்டச்சுப் பொறி அலுவலகங்களை விட்டுப் போன பிறகும் பயிற்சி நிலையங்களை விட்டுப் போகவில்லை. இந்தியாவில் 1955இல் தட்டச்சுப் பொறி தயாரிக்கத் தொடங்கிய கோத்ரெஜ் 2009இல் உற்பத்தியை நிறுத்தியது. அதன் பிறகும் பயிற்சி நிலையங்கள் பழைய பொறிகளைப் பழுதுபார்த்தே வகுப்பை நடத்தின.

முதல் பாடம் நடுவரிசை. இடக்கைக்கு ய, ள, ன, க. வலக்கைக்குச் சுண்டுவிரலில் புள்ளி, பிறகு ட, ம, த. இந்த எட்டு எழுத்தையே வாரக்கணக்கில் அடித்த விரல்கள் எழுத்தைத் தேடுவதை மறந்துவிடும். தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு விசைப்பலகை வகுத்த முன்னோடி யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா, ஜெர்மனியின் சைடல் அண்ட் நௌமன் நிறுவனம் அவர் வகுத்தபடி பொறிகளைச் செய்து தந்தது. 247 எழுத்தை நாற்பத்துச் சொச்சம் விசைக்குள் அடக்க அவர் கையாண்ட வழிகளில் ஒன்று நகரா விசை. அதைத் தட்டினால் குறி தாளில் விழும், ஆனால் உருளை நகராது. அடுத்த எழுத்து அதே இடத்தில் வந்து உட்காரும். ஆகவே பொறியில் 'ம்' அடிக்க முதலில் புள்ளி, பிறகு ம. இந்த வரிசையில் பழகிய கை கணினிக்கு வந்தபோது பட்ட பாடு சிறியதன்று. பாமினியிலும் யூனிகோடிலும் முதலில் ம, பிறகுதான் புள்ளி.

பொறியில் பழகியவர் எந்த விசையைத் தொடமாட்டார் என்பதும் அங்கேயே தீர்மானமாகிவிடுகிறது. பொறியில் வரி முடியும் தறுவாயில் மணி அடிக்கும். நெம்புகோலைத் தள்ளி அடுத்த வரிக்குப் போக வேண்டும். அந்தக் கை கணினியில் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் என்டர் தட்டுகிறது. பிறகு எழுத்தின் அளவை மாற்றினால் பத்தி முழுதும் ஒடிந்து ஒடிந்து விழுகிறது. தலைப்பை நடுவில் வைக்கப் பயிற்சி நிலையத்தில் ஒரு கணக்கு சொல்லித்தருவார்கள்: தாளின் நடுவில் உருளையை நிறுத்தி, தலைப்பில் இரண்டு எழுத்துக்கு ஒருமுறை வீதம் பேக்ஸ்பேஸ் தட்டிவிட்டு அடிக்கத் தொடங்கினால் தலைப்பு சரியாக நடுவில் அமையும். அழகான உத்தி. கணினியில் அந்த வேலைக்குக் கன்ட்ரோலும் ஈ விசையும் போதும் என்று தெரிந்தும் இடைவெளி விசையை இருபது முறை தட்டித் தலைப்பை நகர்த்துவோர் இன்றும் உண்டு. பழைய ஆங்கிலப் பொறிகள் பலவற்றில் 1 என்ற எண்ணுக்கே விசை இல்லை. சிறிய எல் எழுத்து அந்த வேலையைச் செய்தது. அந்தப் பழக்கம் கணினிக்குள் வந்ததால் பார்வைக்குச் சரியாக இருக்கும் எண்ணை எக்செல் கூட்ட மறுக்கும்.

பயிற்சி நிலையத்தில் பழகிய கையை அடையாளம் காட்டும் விசை ஒன்று உண்டு. அது வலப்பக்க ஷிஃப்ட். இடக்கை எழுத்துக்கு வலக்கை ஷிஃப்ட், வலக்கை எழுத்துக்கு இடக்கை ஷிஃப்ட் என்பது அங்கே விதி. தானாகப் பழகியவர் இடப்பக்க ஷிஃப்ட் ஒன்றையே வைத்துக் காலம் தள்ளுகிறார். அவருடைய விசைப்பலகையில் வலப்பக்க ஷிஃப்டும் வலப்பக்கக் கன்ட்ரோலும் ஸ்க்ரோல் லாக்கைப் போலவே புதிதாக இருக்கும்.

பாமினியும் தமிழ்99உம்

டிடிபி கடைகளில் வேரூன்றிய பாமினி எழுத்துரு தட்டச்சுப் பொறியின் அமைப்பையே பெரும்பாலும் பின்பற்றியது. கணினிக்கு அது ஆங்கில எழுத்துதான். மேலே தமிழ் உருவம் போர்த்தியிருக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று பல்லிளிக்கும். ஆங்கிலத்தில் அரிதாகத் தட்டப்படும் ஜே விசையில் பாமினியில் 'த' இருக்கிறது. ஆங்கிலத்தில் எப்போதோ தேவைப்படும் அரைப்புள்ளி விசையில் தமிழின் மிகப் பரபரப்பான குறியான மெய்ப்புள்ளி இருக்கிறது. பாமினிக்காரரின் விசைப்பலகையில் முதலில் தேய்வது இந்த அரைப்புள்ளி விசையாகத்தான் இருக்கும். எஸ்கேப் விசைக்குக் கீழே உள்ள விசை ஆங்கிலத்தில் ஒதுக்குப்புறம். பாமினியில் அது 'ஹ'. என்டருக்கு மேலே உள்ள பின்சாய்கோட்டில் 'ஷ' இருக்கிறது. கிரந்த எழுத்துகள் தமிழில் அரிது என்று இலக்கணப் புத்தகத்தை வைத்துச் சொல்லலாம். மயிலம் தமிழ்க் கல்லூரியில் பதிகம் ஒன்றைத் தட்டச்சு செய்பவருக்கு அது உண்மையும்கூட. மனு அடிப்பவருக்கு அப்படியில்லை. ராஜேஷ், சந்தோஷ், புஷ்பா, ஹரிணி என்று பெயர்கள் வந்துகொண்டே இருக்கும்.

பாமினியில் ஷிஃப்ட் ஓயாது. க விசையோடு ஷிஃப்ட் சேர்ந்தால் கு, த விசையோடு து, ர விசையோடு ரு. 'கருத்து' என்ற சொல்லுக்கு க, ஷிஃப்டோடு ரு, த, புள்ளி, ஷிஃப்டோடு து என ஐந்து எழுத்துவிசை, இரண்டு ஷிஃப்ட். தமிழ்99இல் க, ர, உ, த, த, உ என ஆறு விசை. ஷிஃப்ட் இல்லை, புள்ளி இல்லை. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். இன எழுத்துகளுக்கும் அப்படியே: ங அடுத்து க, ஞ அடுத்து ச, ந அடுத்து த வந்தால் புள்ளி தனியே வேண்டாம். 'தங்கம்' என்ற சொல்லுக்குப் பாமினியில் ஆறு தட்டல், தமிழ்99இல் ஐந்து.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டில் வகுக்கப்பட்டு, அதே ஆண்டு தமிழ்நாடு அரசால் ஏற்கப்பட்ட இந்த அமைப்பில் அரிய எழுத்துகளுக்கு இடம் ஒதுக்கிய விதம் நுட்பமானது. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் ஆக 31 விசை. உயிர்கள் இடக்கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு. மிக அரிதான ஔ, இடக்கையின் கீழ்க்கோடியில், சுண்டுவிரல் மடங்கிச் சேர வேண்டிய இசட் விசையில் உள்ளது. ஆய்தமும் அரியதுதான், ஆனால் அது ஆள்காட்டி விரல் எந்நேரமும் அமர்ந்திருக்கும் எஃப் விசையில் இருக்கிறது. முதல் பார்வைக்கு வீணடிப்பு போலத் தெரியும். ஆனால் மெய்யெழுத்துக்குப் பின் அதே விசையைத் தட்டினால் புள்ளி. தனியே தட்டினால் ஆய்தம். மிக அரிய எழுத்தும் மிகப் புழங்கும் குறியும் ஒரே விசையில் குடித்தனம் நடத்துகின்றன. கிரந்த எழுத்துகள் மேல்வரிசையில் ஷிஃப்டோடு வருகின்றன. தமிழ்99இல் ஷிஃப்டின் பிழைப்பு ஏறக்குறைய இவ்வளவே.

தானாக விழும் புள்ளியைத் தடுக்கவும் வழி உண்டு. 'மமதை' அடிக்க வேண்டுமானால் ம, ம என்று தட்டினால் 'ம்ம' ஆகிவிடும். ம, அ, ம என்று நடுவில் அகரத்தை இட்டால் சரியாக வரும். பாமினியில் இருந்து மாறுவோரைத் திணறடிப்பது இந்த ஓர் இடம்தான். மற்றதெல்லாம் சில வாரங்களில் கைக்கு வந்துவிடும். ஆனால் வேலை நேரத்தில் அந்தச் சில வாரங்களை யார் கொடுப்பது? பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர் வேகத்தை இழந்து புதிய அமைப்பைக் கற்கமாட்டார். அரசாணைக்குப் பின்னும் பழைய அமைப்பு நீடித்ததற்கு இதுவே முக்கியமான காரணம். 2008இல் வந்த என்எச்எம் ரைட்டர் போன்ற மென்பொருள்கள் இந்த நிலைமையைப் புரிந்துகொண்டு, பாமினி, பழைய தட்டச்சு, தமிழ்99, ஒலிபெயர்ப்பு எல்லாவற்றையும் கொடுத்து எதில் அடித்தாலும் யூனிகோடு கிடைக்கும்படி செய்தன. ஆல்ட்டோடு ஓர் எண்ணைத் தட்டினால் அமைப்பு மாறும். இப்படி ஆல்ட் விசைக்கும் தமிழ் அடிப்பவரிடம் வேலை வந்தது.

கைப்பேசியில் பழகிய இளைஞர்கள் வேறு வழியில் வருகிறார்கள். அவர்கள் ஆங்கில எழுத்தில் ஒலியை அடித்துத் தமிழ் ஆக்குகிறார்கள். இவ்வகையைச் சேர்ந்த 'அஞ்சல்' முறையில் ழகரம் இசட் விசையில் வருகிறது, நகரம் டபிள்யூ விசையில். ள, ண, ற மூன்றுக்கும் ஷிஃப்ட் வேண்டும். ஆக, ஒரே இசட் விசை ஆங்கிலத்தில் அரிது, தமிழ்99இல் இன்னும் அரிது, பாமினியில் 'ண', அஞ்சலில் 'ழ'.

சாய்கோடு செய்த குழப்பம்

விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். அன்று காலை டைப்பிங் கடைகளில் அடிக்கப்படும் மனுக்களில் தவறாமல் வருவது ஒரு சாய்கோடு: த/பெ, க/பெ, சர்வே எண் 45/2. பாமினியில் சாய்கோட்டு விசையில் ஆய்தம் இருக்கிறது. தமிழ்99இல் அதே விசையில் ழ இருக்கிறது. பாமினியில் அடிப்பவர் எண்ணுக்காக ஆங்கில எழுத்துருவுக்குத் தாவி, சாய்கோட்டை இட்டு, மீண்டும் பாமினிக்கு வருவார். தாளில் அச்சாகும்வரை எல்லாம் ஒழுங்கு. அந்தக் கோப்பை யூனிகோடுக்கு மாற்றும்போது மாற்றியானது எது ஆங்கிலம், எது பாமினி என்று பிரித்தறியாமல் எல்லாச் சாய்கோட்டையும் ஆய்தமாக்கிவிடும். 45/2 என்ற புல எண் 45ஃ2 ஆகிறது. தேதி 12ஃ05ஃ2010 என்று நிற்கிறது. அரசு இணையதளங்களிலும் பழைய சுற்றறிக்கைகளிலும் இந்த ஆய்தங்களை இன்றும் பார்க்கலாம். தமிழில் ஆய்தத்தின் எண்ணிக்கையைக் கணினியை வைத்து எண்ணப் புகும் ஆய்வாளர் முதலில் இவற்றைக் களைய வேண்டும்.

பதிவுத்துறை 2018 பிப்ரவரியில் ஸ்டார் 2.0 என்ற இணையவழி முறைக்கு மாறியபின் இணையப் படிவத்தில் பாமினி செல்லாது என்ற நிலை வந்தது. பத்திரத்தில் பிழை என்றால் பிழைத்திருத்தல் பத்திரம் போட வேண்டும், செலவு. ஆதலால் பத்திர எழுத்தர்களின் கடைகளில் எண்பலகைக்கு மதிப்பு கூடியது. எண்பலகையில் சாய்கோடு எந்த மொழியிலும் பெரும்பாலும் சாய்கோடாகவே இருக்கிறது, எண்களும் இடம் மாறுவதில்லை.

எண்பலகைக்கும் எஃப் வரிசைக்கும் உண்மையான சொந்தக்காரர்கள் கணக்கர்கள்தான். திண்டிவனத்து அரிசி ஆலை, விழுப்புரத்து மொத்தக் கடை, உரக்கடை எங்கும் டேலி மென்பொருள் ஓடுகிறது. அதில் எஃப்5 செலுத்துச்சீட்டு, எஃப்6 பெறுகைச்சீட்டு, எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல்; தேதி மாற்ற எஃப்2. கணக்கர் இடக்கையால் எஃப் வரிசையையும் வலக்கையால் எண்பலகையையும் ஆள்கிறார். நடுவில் உள்ள எழுத்துகள் அவருக்கு எப்போதாவதுதான். டிடிபி கடையின் விசைப்பலகையும் இவருடையதும் ஒரே நிறுவனத்தின் ஒரே மாதிரியாக இருக்கலாம், இரண்டு ஆண்டு கழித்து அருகருகே வைத்தால் ஒன்று தேய்ந்த இடத்தில் மற்றது புதிதாக இருக்கும். இந்த வட்டாரத்தில் பலர் விரும்பி வாங்கும் டிவிஎஸ் கோல்டு போன்ற இயந்திர விசைப்பலகைகள் 'டக் டக்' என்ற ஒலியோடு விரலுக்கு எதிர்ப்புத் தருகின்றன. தட்டச்சுப் பொறியில் பழகிய கைக்கு அந்த எதிர்ப்பு தேவைப்படுகிறது.

தவறித் தட்டினால்

அரிய விசைகள் பயன்படாமல் இருப்பதோடு நிற்பதில்லை. தவறிப் பட்டால் காரியத்தைக் கெடுக்கின்றன. பேக்ஸ்பேஸுக்குப் பக்கத்தில் இருக்கும் இன்சர்ட் விசை பட்டுவிட்டால் புதிதாக அடிக்கும் எழுத்து பழைய எழுத்தை விழுங்கிக்கொண்டே போகும். வேர்டின் புதிய பதிப்புகளில் இந்த ஏற்பாடு முடக்கி வைக்கப்பட்டிருக்கிறது, லிப்ரே ஆபீஸில் இல்லை. பாமினியில் கேப்ஸ் லாக் விழுந்தால் ஆங்கிலத்தில் போலப் பெரிய எழுத்து வராது, எழுத்தே வேறாகிவிடும். கருத்து என்பதில் ககரம் குகரமாகும், தகரம் துகரமாகும். திரையைப் பாராமல் மூலத்தைப் பார்த்து அடிக்கும் பயிற்சி பெற்றவருக்கு இது ஒரு பத்தி கடந்த பிறகே தெரியவரும்.

நம் லாக் இன்னொரு வினோதம். எண்பலகை இல்லாத பழைய மடிக்கணினிகளில் அதை அழுத்தினால் ஜே, கே, எல் விசைகள் 1, 2, 3 ஆகவும், யூ, ஐ, ஓ விசைகள் 4, 5, 6 ஆகவும் மாறும். தமிழ்99இல் அந்த ஆறு விசைகளும் ப, ம, த, ற, ன, ட. தமிழ்நாட்டு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கிய பின் கிராமத்து மாணவர் பலர் முதலில் தொட்ட கணினி மடிக்கணினிதான். நம் லாக், ஸ்க்ரோல் லாக், பாஸ் போன்றவை அவற்றில் ஓர் எஃப்என் விசையின் கீழ் ஒளிந்துகொண்டன, அல்லது அடியோடு மறைந்தன. மடிக்கணினியில் பழகியவர்கள் 104 விசைப் பலகையின் வலக்கோடியைப் பிறகு அலுவலகத்தில்தான் பார்த்தார்கள்.

டெலீட் விசை தமிழில் கவனிக்க வேண்டியது. ஆங்கிலத்தில் பேக்ஸ்பேஸ் பின்னால் அழிக்கும், டெலீட் முன்னால் அழிக்கும், அவ்வளவே. விண்டோஸில் யூனிகோடு தமிழில் பேக்ஸ்பேஸ் கடைசிக் குறியை மட்டும் எடுக்கும்: 'மீ' என்பது 'ம' ஆகும். எழுத்துக்கு முன் நின்று டெலீட் தட்டினால் 'மீ' முழுவதும் போய்விடும். உயிர்க்குறி மட்டும் தவறியிருந்தால் பேக்ஸ்பேஸ், எழுத்தே தவறென்றால் டெலீட் என்று இரண்டையும் பிரித்துக் கையாளத் தெரிந்தவர் வெகு சிலர். மற்றவர்கள் பேக்ஸ்பேஸை மூன்று முறை தட்டுகிறார்கள்.

ரூபாய்க்கு ஒரு விசை

இந்திய ரூபாயின் குறியான ₹ 2010 ஜூலை 15இல் மத்திய அமைச்சரவையால் ஏற்கப்பட்டது. அதை வடிவமைத்த டி. உதயகுமார் கள்ளக்குறிச்சியில் பிறந்தவர். தந்தை ரிஷிவந்தியம் தொகுதியின் முன்னாள் சட்டமன்ற உறுப்பினர். கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில்தான் தனி மாவட்டமானது. குறி ஏற்கப்பட்ட நாளில் அது விழுப்புரம் மாவட்டம். மும்பை ஐஐடியில் உதயகுமார் மேற்கொண்ட முனைவர் ஆய்வு தமிழ் எழுத்துருவியல் பற்றியது. ஏற்கப்பட்ட 2010ஆம் ஆண்டிலேயே யூனிகோடில் ரூபாய்க் குறிக்கு இடம் கிடைத்தது. விசைப்பலகைகளில் 4 என்ற எண்ணின் ஓரத்தில் அது அச்சிடப்படலாயிற்று.

ஆனால் சொந்த மாவட்டத்துக் கடைகளிலேயே அந்தக் குறி அதிகம் தட்டப்படுவதில்லை. அது வலப்பக்க ஆல்ட்டோடு 4 சேர்ந்தால் வரும், அதுவும் கணினியில் ஆங்கிலம் (இந்தியா) அமைப்பு இருந்தால்தான். பெரும்பாலான கணினிகள் அமெரிக்க அமைப்போடு நிறுவப்பட்டு அப்படியே விடப்பட்டவை. விசையில் குறி இருக்கிறது, தட்டினால் திரையில் வரவில்லை. இரண்டு முறை முயன்றவர் மூன்றாம் முறை முயல்வதில்லை. வேர்டில் ஆல்ட்டை அழுத்தியபடி எண்பலகையில் 8377 அடித்தாலும் குறி வரும், அதை நினைவில் வைத்திருப்போர் குறைவு.

இன்னொரு காரணமும் உண்டு. தமிழில் அடிப்பவருக்கு 'ரூ' ஏற்கெனவே கையில் இருக்கிறது. பாமினியில் ஷிஃப்டோடு 7 தட்டினால் முழு 'ரூ' வந்துவிடும். தமிழ்99இல் ர, ஊ என்ற இரண்டு தட்டல். கை எளிதான வழியை விட்டு வலப்பக்க ஆல்ட்டைத் தேடிப் போகாது. 2025 மார்ச்சில் தமிழ்நாடு அரசு தன் நிதிநிலை அறிக்கையின் இலச்சினையில் ₹ குறிக்குப் பதில் 'ரூ' இட்டபோது அரசியல் அரங்கில் பெரிய விவாதம் எழுந்தது. டைப்பிங் கடைகளைப் பொறுத்தவரை அதில் புதுமை எதுவும் இல்லை.

தமிழுக்கென்றே ஒரு பழைய ரூபாய்க் குறி இருந்தது: ௹. மேற்படி என்பதற்கு ௸, வரவுக்கு ௷, பற்றுக்கு ௶. பழைய பத்திரங்களிலும் கணக்கேடுகளிலும் இவை சரளமாகப் புழங்கின. தட்டச்சுப் பொறியின் விசைகளில் இவற்றுக்கு இடம் கிடைக்கவில்லை, தமிழ்99இன் 31 விசைகளிலும் கிடைக்கவில்லை. 2003இல் யூனிகோடு இவற்றைச் சேர்த்துக்கொண்டபோது எழுதும் பழக்கமே அற்றுப்போயிருந்தது. பத்திரங்களில் 'மேற்படி' என்ற சொல் இன்றும் பக்கத்துக்குப் பலமுறை வருகிறது. தமிழ்99இல் ஒவ்வொரு முறையும் ஏழு தட்டல். ஒரே விசையில் ௸ கிடைத்தால் பத்திர எழுத்தருக்குப் பெரிய மிச்சம், ஆனால் படிக்கிறவர்களில் எத்தனை பேருக்கு அது புரியும் என்பதுதான் கேள்வி.

பழைய விசைகளை நீக்கும் வேலையும் தொடங்கியிருக்கிறது. கூகுள் தன் குரோம்புக் கணினிகளில் கேப்ஸ் லாக் இருந்த இடத்தைத் தேடல் விசைக்குக் கொடுத்தது. 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் கோபைலட் என்ற செயற்கை அறிவுக்கான விசையை அறிவித்தது. பல புதிய மடிக்கணினிகளில் அது மெனு விசையின் இடத்திலோ வலப்பக்கக் கன்ட்ரோலின் இடத்திலோ வந்து உட்கார்ந்தது. சுட்டெலியின் வலச்சொடுக்குக்கு மாற்றாக மெனு விசையைத் தட்டி எழுத்துப்பிழை திருத்தி வந்த சிலருக்கு அது இழப்பு. ஷிஃப்டோடு எஃப்10 தட்டினால் அதே பட்டியல் அவர்களுக்கு இன்னும் கிடைக்கும்.